கப்பல் கம்பெனியின் கணக்கும் கரிசல் காட்டுக் கணக்கும்

மிளகாய் விற்ற பணம் பங்குனியில் கைக்கு வருகிறது. விதைக்கும் உரத்திற்கும் உழவுக் கூலிக்கும் பணம் வேண்டியதோ புரட்டாசி, ஐப்பசியில். இடையில் உள்ள ஆறு மாதங்களில்தான் நம் விவசாயிகளில் பலர் கடனாளிகள் ஆகின்றனர். விளைச்சலும் குறைவில்லை, விலையும் ஓரளவு கிடைத்தது, ஆனால் கையில் ஒன்றும் தங்கவில்லை என்று வருந்துவோரை எல்லா ஊர்களிலும் காணலாம்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பது பழமொழி. கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் உழக்காவது மிஞ்ச வேண்டுமானால் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். அதிலும் ஆண்டு முடிந்த பிறகு பார்க்கும் இலாப நட்டக் கணக்கு மட்டும் போதாது. எந்த மாதத்தில் எவ்வளவு பணம் வரும், எந்த மாதத்தில் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் கணக்கு வேண்டும். தொழில் நடத்துவோர் இதனை ரொக்க வரவு செலவுத் திட்டம் என்பர்.

இலாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு. இலாபம் உள்ள தொழில்கூட உரிய நேரத்தில் ரொக்கம் இல்லாததால் நொடித்துப் போவதுண்டு. இந்த உண்மையை விளக்கத் தூத்துக்குடிக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சுதேசிக் கப்பல் கம்பெனி முதல் திரட்டிய விதம்

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் தூத்துக்குடித் துறைமுகமும் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் செக்கிழுத்ததை எல்லோரும் அறிவோம். அவர் ஒரு கம்பெனிக்குப் பத்து இலட்ச ரூபாய் முதல் திரட்ட முனைந்தவர் என்ற கோணத்திலும் அவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகளையும் சரக்குகளையும் ஏற்றிச் சென்ற கப்பல் தொழில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி பதிவு செய்யப்பட்டது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். மொத்த முதல் 10 இலட்ச ரூபாய் என்றும், அதனை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்து விற்பது என்றும் திட்டமிடப்பட்டது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 8,000 பங்குகளுக்கு 2 இலட்ச ரூபாய் கொடுத்து முன்வந்தார். மற்றப் பங்குகளை விற்க வ.உ.சி. ஊர் ஊராகச் சென்றார்.

ஒரு பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததைக் கவனியுங்கள். பங்கு சிறியதாக இருந்தால் நடுத்தர வருவாய் உள்ளவர்களும் சேர முடியும். ஒரு பெரிய பணக்காரரிடம் போய் நிற்பதற்குப் பதிலாகப் பலரிடமிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்துப் பெருமுதல் ஆக்குவதே பங்கு முறையின் சிறப்பு.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தனர். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அந்த வாடகை ஏற்பாடு முறிந்தது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். அதன் பின்னரே காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் விலைக்கு வாங்கப்பட்டு 1907இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

வாடகைக்கு எடுத்தால் முதல் குறைவாகப் போதும். ஆனால் உடையவர் கைவிட்டால் தொழில் நின்றுவிடும். சொந்தமாக வாங்கினால் அந்த அச்சம் இல்லை. ஆனால் பணம் முழுவதும் அதில் முடங்கிவிடும். டிராக்டரை வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா என்று நீங்கள் யோசிக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது.

நிலை முதலும் நடப்பு முதலும்

எந்தத் தொழிலுக்கும் இரண்டு வகைப் பணம் வேண்டும். முதல் வகை நிலை முதல். கப்பல், கட்டடம், இயந்திரம், கிணறு, மோட்டார், கறவை மாடு ஆகியவற்றில் போடும் பணம் இது. பல ஆண்டுகள் உழைத்துச் சிறிது சிறிதாகத்தான் திரும்பி வரும். இரண்டாவது வகை நடப்பு முதல். கப்பலுக்கு நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம். விவசாயிக்கு விதை, உரம், களையெடுப்புக் கூலி ஆகியவை இதில் அடங்கும். இது ஒரு பருவத்திலோ ஒரு பயணத்திலோ போய்த் திரும்பி வருவது.

பங்குப் பணம் கப்பலாக மாறிவிட்டது. இனி அன்றாடச் செலவு அன்றாடக் கட்டண வசூலிலிருந்தே நடந்தாக வேண்டும். போட்டிக் கம்பெனி தாக்கியதும் இந்த இடத்தில்தான். கொழும்புப் பயணக் கட்டணத்தை அது ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. அடுத்து ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் ஒரு குடையும் தருவதாகவும் கூறியது என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர்.

இதன் பொருளைக் கணக்கில் பார்ப்போம். எட்டணா கட்டணத்தில் ஆயிரம் பேர் ஏறினால் வசூல் 500 ரூபாய். ஒரு ரூபாயாக இருந்திருந்தால் 1,000 ரூபாய். வசூல் பாதியானதற்காக நிலக்கரியின் விலை பாதியாவதில்லை; மாலுமியின் சம்பளமும் பாதியாவதில்லை. கப்பல் நிறையப் பயணிகள் இருந்தாலும் ஒவ்வொரு பயணத்திலும் பெட்டியில் உள்ள பணம் கரையும். இத்தகைய போட்டியில் நெடுங்காலம் நிற்க வல்லவர் கையில் அதிக ரொக்கம் உள்ளவரே. பல நாடுகளில் கப்பல் ஓட்டிய கம்பெனிக்கு ஒரு வழியில் வரும் நட்டத்தை மற்ற வழிகளின் வருவாயால் ஈடுகட்ட முடிந்தது. ஒரே வழியில் ஓடிய கம்பெனிக்கு அந்த வசதி இல்லை.

1908ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் அவருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. முதல் திரட்டியவரும் மக்களின் நம்பிக்கையைக் கட்டிக் காத்தவரும் சிறைக்குள் போனபின் கம்பெனி தளர்ந்து, 1911இல் கலைக்கப்பட்டது. அவர் விடுதலை பெற்றது 1912 டிசம்பரில். இந்த வீழ்ச்சியை நிர்வாகக் குறை என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. அரசின் அடக்குமுறையும் போட்டியாளரின் பணபலமும் சேர்ந்து அதனை வீழ்த்தின. எனினும் ஒரு பாடம் தெளிவாகிறது. முதல் முழுவதையும் கப்பலில் போட்டுவிட்டுக் கெட்ட மாதங்களுக்கு ரொக்கம் இல்லாமல் நிற்பது ஆபத்து.

பங்குப் பணம், கடன் பணம்

தொழிலுக்குப் பணம் வரும் வழிகள் பல. தன் சொந்தப் பணம், பங்குதாரர் பணம், வங்கியின் நீண்டகாலக் கடன், நடப்புச் செலவுக்கான குறுகியகாலக் கடன், சரக்குக் கொடுப்பவர் தரும் தவணை, சரக்கு வாங்குபவர் தரும் முன்பணம் என்பன முக்கியமானவை.

பங்குப் பணத்திற்கு வட்டி இல்லை. இலாபம் வந்தால் ஈவுத்தொகை கொடுக்கலாம்; இல்லையேல் கொடுக்க வேண்டியதில்லை. நட்டத்திலும் பங்குதாரருக்குப் பங்கு உண்டு. கடன் அப்படியன்று. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தவணைத் தேதி மாறாது. சுதேசிக் கம்பெனி தன் கப்பல்களைக் கடன் வாங்கி மட்டும் வாங்கியிருந்தால், கட்டணப் போட்டி தொடங்கிய சில மாதங்களிலேயே தவணை கட்ட முடியாமல் நின்றிருக்கும். ஆகவே பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் சொத்துக்குப் பங்குப் பணமோ நீண்டகாலக் கடனோ பொருத்தம். சில மாதங்களில் திரும்பும் செலவுக்குக் குறுகியகாலக் கடன் பொருத்தம். இதனை மாற்றிச் செய்தால் தொல்லைதான்.

பெரிய நிறுவனங்களும் இவ்விதியை மீறிக் கெட்டதுண்டு. சுதேசிக் கம்பெனி பதிவான ஆறாம் நாள், 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையில் ஆர்பத்நட் என்ற பேர்பெற்ற வங்கி நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஏராளமானவர்களின் சேமிப்பு அதில் சிக்கியது. வைப்பாளர்கள் கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பணம், கேட்டவுடன் திரும்பாத இடங்களில் முடங்கியிருந்ததும் சூதாட்ட முதலீடுகளில் கரைந்ததுமே காரணம். அந்த வீழ்ச்சியின் அதிர்ச்சியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

தூத்துக்குடியிலேயே 1921இல் நாடார் வங்கி என்ற பெயரில் ஒரு வங்கி தொடங்கப்பட்டது. வணிகச் சமூகத்தார் தம்முள் முதல் சேர்த்து நிறுவிய இவ்வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. நூறாண்டு கடந்த பின் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பொதுமக்களுக்கு 1 கோடியே 58 இலட்சத்து 40 ஆயிரம் பங்குகளை 510 ரூபாய் வீதம் விற்று ஏறத்தாழ 808 கோடி ரூபாய் திரட்டியது. பலர் சேர்ந்து பங்கு போடும் முறை இந்த ஊருக்குப் புதிதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

உப்பளமும் முத்துக்குளிப்பும்

தூத்துக்குடி உப்பளங்களின் ஆண்டுக் கணக்கு நம் வயல் கணக்கைப் போன்றதே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் வரப்புகளைச் சீர்செய்து பாத்திகளைச் செப்பனிடுகின்றனர். கூலிச் செலவு முதலில் வந்துவிடுகிறது. உப்பு வாருவது அதன் பிறகு. வெயில் காலம் முழுவதும் உற்பத்தி நடந்து, ஐப்பசி மழையோடு நின்றுவிடும். குவித்த உப்பை ஓலையால் மூடி வைத்து விலை பார்த்து விற்கின்றனர். மழைக்கால மாதங்களில் புது வரவு இல்லை. ஆனால் செலவு இருக்கிறது. ஆகவே உப்பள உடைமையாளர் வெயிலில் வந்த பணத்தை மழைக்கும், மழை முடிந்து செய்யவேண்டிய செப்பனிடும் வேலைக்கும் பகிர்ந்து வைக்கவேண்டும்.

குவியலில் இருக்கும் உப்பு பணமாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த வெள்ளத்தில் உப்பளங்கள் மூழ்கிக் குவித்து வைத்த உப்பும் கரைந்தது. கிடங்கில் உள்ள மிளகாய் மூட்டைக்கும் இது பொருந்தும். விற்றுக் கைக்கு வரும்வரை அதனை ரொக்கமாக எண்ணிச் செலவைத் திட்டமிடக்கூடாது.

முத்துக்குளிப்பு இன்னொரு பாடம் தருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி ஆண்டுதோறும் கிடைத்ததில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்கும். பிறகு பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இராது. கடைசியாக 1955 முதல் 1961 வரை அரசு முத்துக்குளிப்பு நடத்தியது. அதற்குப் பிறகு அத்தகைய பெரிய குளிப்பு நடைபெறவில்லை. சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவருக்கு உள்ளே முத்து இருக்கிறதா என்பது பிறகுதான் தெரியும்.

முத்து இல்லாத ஆண்டுகளில் குளியாளிகள் எதைக்கொண்டு பிழைத்தனர்? சங்கு குளித்துத்தான். சங்கின் விலை முத்தைப்போல் திடீரென்று செல்வம் தராது. ஆனால் ஆண்டுதோறும் வருவாய் தந்தது. ஒவ்வொரு பண்ணையிலும் முத்தைப் போன்ற வருவாய் ஒன்றும் சங்கைப் போன்ற வருவாய் ஒன்றும் இருக்க வேண்டும். மிளகாயும் பருத்தியும் முத்து. பாலும் ஆடும் கோழியும் முருங்கையும் சங்கு. அன்றாடக் குடும்பச் செலவைச் சங்கு வருவாயில் எந்த அளவுக்கு ஈடுகட்ட முடிகிறதோ, அந்த அளவுக்குக் கடன் குறையும்.

உங்கள் பண்ணைக்குக் கணக்குப் போடுவது எப்படி?

விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் மானாவாரி நிலம் ஐந்து ஏக்கர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மூன்று ஏக்கரில் உளுந்து, இரண்டு ஏக்கரில் மிளகாய், இரண்டு கறவை மாடுகள். கீழே உள்ள தொகைகள் முறையை விளக்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையையும் கூலியையும் வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பால் வரவு இரண்டு மாதத்திற்கு 12,000 ரூபாய். மாட்டுத் தீவனச் செலவு 6,000, குடும்பச் செலவு 20,000, ஆக இரண்டு மாதத்திற்கு நிலையான செலவு 26,000 ரூபாய். ஜூலைத் தொடக்கத்தில் கையிருப்பு 30,000 ரூபாய். இவற்றோடு உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுவடைச் செலவுகளைச் சேர்த்தால் பின்வருமாறு அமையும்.

ஜூலை–ஆகஸ்டு: வரவு 12,000, செலவு 34,000 (உழவு 8,000 உட்பட), முடிவில் கையிருப்பு 8,000.

செப்டம்பர்–அக்டோபர்: வரவு 12,000; செலவு 58,000 (விதை, உரம், விதைப்பு 32,000 உட்பட); முடிவில் பற்றாக்குறை 38,000.

நவம்பர்–டிசம்பர்: வரவு 12,000, செலவு 50,000 (களையெடுப்பு, மருந்து 24,000 உட்பட), முடிவில் பற்றாக்குறை 76,000.

ஜனவரி–பிப்ரவரி: வரவு 75,000 (உளுந்து 9 குவிண்டால், 7,000 வீதம் 63,000 உட்பட), செலவு 40,000 (அறுவடை 14,000 உட்பட), முடிவில் பற்றாக்குறை 41,000.

மார்ச்சு–ஏப்ரல்: வரவு 1,56,000 (மிளகாய் வற்றல் 8 குவிண்டால், 18,000 வீதம் 1,44,000 உட்பட), செலவு 50,000 (பறிப்பு, உலர்த்துதல் 24,000 உட்பட), முடிவில் கையிருப்பு 65,000.

மே–ஜூன்: வரவு 12,000, செலவு 36,000 (பள்ளிச் செலவு 10,000 உட்பட), முடிவில் கையிருப்பு 41,000.

30,000 ரூபாயில் தொடங்கிய குடும்பம் 41,000 ரூபாயில் முடிக்கிறது. குடும்பச் செலவு போக 11,000 ரூபாய் மிச்சம். ஆண்டுக் கணக்கு மட்டும் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் டிசம்பரில் 76,000 ரூபாய் பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை எந்தப் பணத்தால் நிரப்புகிறோம் என்பதே மிச்சத்தைத் தீர்மானிக்கிறது.

கந்துவட்டிக்காரரிடம் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், அக்டோபர் கடைசியில் இருக்கும் 38,000க்கு இரண்டு மாதம், டிசம்பர் கடைசியில் இருக்கும் 76,000க்கு இரண்டு மாதம், பிப்ரவரி கடைசியில் இருக்கும் 41,000க்கு இரண்டு மாதம் என்று வட்டி ஏறும். வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே மொத்தம் 9,300 ரூபாய். 11,000 ரூபாய் மிச்சத்தில் 1,700 ரூபாய்தான் தங்கும். அதே பணத்தை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் பெற்றால் வட்டி ஏறத்தாழ 1,800 ரூபாய். நிலம், பயிர், உழைப்பு, விலை எதுவும் மாறவில்லை. பணம் வந்த வழி மட்டுமே மாறியது.

எவ்வளவு கடன், எப்போது?

இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தால் வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ போகும்போது "கொடுப்பதைக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. 76,000 ரூபாய் பள்ளத்தோடு எதிர்பாராச் செலவுக்குச் சுமார் 9,000 சேர்த்து 85,000 ரூபாய் போதும் என்பது உங்களுக்கே தெரியும். செப்டம்பரில் 45,000, நவம்பரில் 40,000 என்று இரு தவணையாக எடுக்கலாம். உளுந்து விற்றதும் பிப்ரவரி கடைசியில் 35,000, மிளகாய் விற்றதும் ஏப்ரலில் 50,000 என்று திருப்பலாம். ஜூலையிலேயே மொத்தத் தொகையையும் வாங்கிவிட்டால் வேண்டாத மாதங்களுக்கும் வட்டி ஏறும். அதைவிடக் கெடுதல், கையில் இருக்கும் பணம் வேறு செலவுக்குப் போய்விடும்.

1998இல் தொடங்கப்பட்ட உழவர் கடன் அட்டை இதற்கென்றே அமைந்தது. வேண்டும்போது எடுத்து, விற்றதும் கட்டி, மீண்டும் எடுக்கும் வசதி இதில் உண்டு. குறிப்பிட்ட வரம்பு வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. உரிய தேதிக்குள் திருப்பினால் 3 சதவீதம் சலுகை. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உரிய காலத்தில் பயிர்க்கடனைத் திருப்புவோருக்கு வட்டியே இல்லை. தவணைத் தேதியைத் தவறவிட்டால் இச்சலுகை போய்விடும். ஆகவே கடன் வாங்கும் நாளிலேயே திருப்பும் தேதி உங்கள் விற்பனைக்கு முன் விழுகிறதா, பின் விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.

பயிர்க்கடனை எடுத்து மோட்டாரோ மாடோ வாங்குவது கூடாது. மோட்டார் பல ஆண்டுகளில் திருப்பித் தரும் பணத்தை வங்கி சில மாதங்களில் கேட்கும். அவற்றிற்கு நீண்டகாலக் கடன் தனியாக உண்டு; அதையே பெறவேண்டும்.

வட்டி என்று பெயர் இல்லாத வட்டி

மருந்துக் கடையில் ரொக்கத்திற்கு 1,000 ரூபாய் விலையுள்ள மருந்தை நான்கு மாதத் தவணைக்கு 1,080 என்று கொடுத்தால், அது ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. கமிஷன் மண்டியில் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கி, நான்கு மாதம் கழித்து அந்த மண்டியிலேயே 8 குவிண்டால் வற்றலைக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் குறைத்து விற்க நேர்ந்தால், குறைவு 4,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் அது 30 சதவீதம். முன்பணம் அவசரத்திற்கு உதவலாம். ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்து வாங்கவேண்டும்.

அறுவடைக் காலத்தில் விலை சரிந்திருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். அவசரச் செலவு நடக்கும். விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடியும். ஆயினும் காத்திருந்தால் விலை ஏறியே தீரும் என்பது இல்லை. எத்தனை நாள் காத்திருப்பது என்று முன்பே வரையறுத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட ஆண்டுக்கும் ஒரு கணக்கு

மேலே கண்ட கணக்கில் வற்றல் விலை 18,000க்குப் பதில் 12,000 ஆனால் வரவில் 48,000 ரூபாய் குறையும். ஜூன் முடிவில் 41,000 கையிருப்புக்குப் பதில் 7,000 பற்றாக்குறை வரும். கட்டணம் எட்டணாவுக்கு இறங்கியபோது கப்பல் கம்பெனி நின்ற நிலை இதுதான். இதனை ஏப்ரலில் கண்டு திகைப்பதைவிட, ஜூலையிலேயே ஒருமுறை போட்டுப் பார்ப்பது மேல். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எந்த மாட்டையோ ஆட்டையோ விற்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்று நிதானமாகத் தீர்மானிக்க அப்போது நேரம் இருக்கும்.

பயிர்க் காப்பீட்டையும் இந்தக் கணக்கில் ஒரு செலவாகச் சேருங்கள். 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் விவசாயி செலுத்தும் பிரிமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் வரையிலும், ஆண்டுத் தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரையிலும் ஆகும். கடைசித் தேதிக்கு முன் கட்டவேண்டும். காப்பீட்டுப் பணம் உடனே கைக்கு வராது. ஆகவே அடுத்த விதைப்புக்கான கைமுதலைக் காப்பீட்டை நம்பி விட்டுவிடக்கூடாது. நல்ல ஆண்டின் மிச்சத்தில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டு விதைக்கும் உழவுக்கும் என்று தனிக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது.

பலர் சேர்ந்தால்

2002ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத் திருத்தம் உற்பத்தியாளர் கம்பெனி என்ற வகையை உண்டாக்கியது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே இதனைத் தொடங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. 2020இல் மத்திய அரசு வகுத்த பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரையும் ஓர் அமைப்புக்கு 15 இலட்ச ரூபாய் வரையும் பங்கு மானியம் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய அமைப்பில் நீங்கள் பங்குதாரராக இருந்தால் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். பங்குப் பணத்தில் எவ்வளவு கட்டடத்திலும் இயந்திரத்திலும் போயிற்று? விளைபொருளை வாங்கி உறுப்பினருக்குப் பணம் கொடுக்கவும், விற்ற பணம் வந்து சேரும்வரை தாங்கவும் எவ்வளவு ரொக்கம் மீதி இருக்கிறது? அழகான கிடங்கு கட்டிவிட்டு, அறுவடையில் உறுப்பினரின் உளுந்தை வாங்கப் பணம் இல்லாமல் நிற்கும் அமைப்பினால் யாருக்கும் பயன் இல்லை.

செய்யவேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஆனி மாதத்தில் குடும்பத்தோடு அமர்ந்து வரும் பன்னிரண்டு மாத வரவையும் செலவையும் எழுதுங்கள். வீட்டுச் செலவு வீட்டம்மாவுக்குத்தான் சரியாகத் தெரியும்; அவரைக் கேட்டே எழுதுங்கள். திருமணம், கோயில் கொடை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றையும் அந்தந்த மாதத்தில் சேருங்கள். வரவைச் சற்றுக் குறைத்தும் செலவைச் சற்றுக் கூட்டியும் போடுங்கள். பள்ளம் எந்த மாதத்தில், எவ்வளவு ஆழம் என்று கண்டுகொள்ளுங்கள். அந்த ஆழத்திற்கு மட்டும் கடன் கேளுங்கள். மாதக் கடைசியில் போட்ட கணக்கையும் நடந்த கணக்கையும் ஒத்துப் பாருங்கள்.

முதல் ஆண்டில் கணக்கு பல இடங்களில் தவறும். இரண்டாம் ஆண்டில் தவறு குறையும். மூன்றாம் ஆண்டில் உங்கள் நிலத்தின் பண நடப்பு மழை நடப்பைப் போலவே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது கடன் கேட்டுப் போகும்போது எவ்வளவு வேண்டும், எந்த மாதத்தில் திருப்ப முடியும் என்பதை நோட்டைப் பார்த்தே சொல்ல உங்களால் முடியும்.